மேற்கோள் புத்தகமும் ஒரு பென்சிலும்

புத்தகக் கடையில் நிற்பவனுக்குக் கால் வலிக்கும். கிறிஸ்தவப் புத்தகக் கடையில் சனிக்கிழமை நிற்பவனுக்குத் தலையும் சேர்ந்து வலிக்கும்.

ஐம்பதுகளின் நடுவில் நான் அப்படி ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தேக்கா பக்கம், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில், மிளகாய் அரைக்கிற மில்லுக்கும் நகைக்கடைக்கும் நடுவே இருந்தது அது. முதலாளி பெயர் சாமுவேல். வேதாகமம், பாட்டுப் புத்தகம், ஞாயிறு பள்ளிப் படங்கள், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை எல்லாம் விற்போம். பக்கத்தில் மில் ஓடத் தொடங்கினால் வாங்க வந்தவரும் தும்முவார், விற்கிற நானும் தும்முவேன்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி பழக்கமாகத்தான் இருக்கும். மீதிப் பாதி ஒரே ஒரு புத்தகத்தால் வந்தது. அந்தப் புத்தகத்தால் ஒரு நல்ல மனிதருக்குக் கிடைக்க வேண்டிய வேலை கைநழுவிப் போகப் பார்த்தது. அதற்குக் காரணம் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

தலையணை கனம்

அது ஆங்கிலப் புத்தகம். தலையணை கனம் இருக்கும். கதையும் கிடையாது, பிரசங்கமும் கிடையாது. ஞானிகள், பிஷப்புகள், மிஷனரிகள், பெயர் தெரியாத பக்தர்கள் என்று யார் யாரோ சொன்ன நல்ல வாக்கியங்களைப் பொறுக்கி, கோபம், பொறுமை, மன்னிப்பு, மரணம் என்று தலைப்பு வாரியாக அடுக்கியிருப்பார்கள். பிரசங்கம் செய்கிறவர்களுக்கு அது இல்லாமல் ஓடாது. ஆனால் விலை அதிகம். வருஷத்துக்கு மூன்று நான்கு பிரதி போனால் பெரிய விஷயம். அதனால் முதலாளி ஒரு பிரதியைக் கவுண்டர் மேலேயே பிரித்து வைத்திருந்தார். வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

நான் சேர்ந்த முதல் சனிக்கிழமை மோசே போதகர் வந்தார். அந்த வட்டாரத்தில் நல்ல பேச்சாளர் என்று பெயர். நான் வழக்கம்போல நெற்றியில் விபூதியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடியும் நெற்றியைப் பார்த்தார். இந்த வேலை இன்றோடு சரி என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "விபூதி இருக்கட்டும் தம்பி. 'பொறுமை' எந்தப் பக்கம்? சீக்கிரம் சொல்லுங்க, பஸ் போயிடும்."

நின்று படிப்பவர்கள்

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் என்றால் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் கடையில் கூட்டம். ஐந்தாறு போதகர்கள், உபதேசியார்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருவர் பார்த்து முடிக்கிறவரை மற்றவர்கள் வாழ்த்து அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், வாங்க மாட்டார்கள். வேண்டிய வாக்கியத்தைப் பஸ் டிக்கெட்டின் பின்னாலும் சிகரெட் பெட்டியின் உள்தாளிலும் எழுதிக்கொள்வார்கள். சிகரெட் பெட்டி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை.

தமிழில் பிரசங்கம் செய்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. வாக்கியம் ஆங்கிலத்தில் இருக்கும். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவன் என்று தெரிந்ததும் மொழிபெயர்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. திங்கள் முதல் வெள்ளிவரை பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, சனிக்கிழமை பாவமன்னிப்பைத் தமிழாக்கிக் கொண்டிருந்தேன். இதற்குத் தனியாகச் சம்பளம் உண்டா என்று முதலாளியிடம் கேட்டேன். "புண்ணியம் எந்தப் பக்கம் இருந்து வந்தா என்னப்பா, வாங்கி வச்சுக்க" என்றார்.

காசிம் பாய்

புத்தகத்தைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்ச்சாரியில் மளிகை மொத்த வியாபாரம் செய்த காசிம் பாய் ஒரு நாள் வந்தார். அவரோடு பல வருஷம் வியாபாரம் செய்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பிப் போகிறாராம். பிரிவுபசார விருந்தில் பாய் இரண்டு வார்த்தை பேச வேண்டும். வெள்ளைக்காரர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், அவருக்குப் பிடித்த மாதிரி ஒன்று எடுத்துக் கொடு என்றார்.

'நட்பு' தலைப்பில் தேடி, நல்லதாக ஒன்றைப் படித்துக் காட்டினேன். அர்த்தம் கேட்டுக்கொண்டார். இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். கண் கொஞ்சம் கலங்கிவிட்டது. சொன்னவர் பெயரையும் கீழே எழுதிக் கொடுக்கப் போனேன். பாய் தடுத்தார்: "பேரு எதுக்கு தம்பி? பத்து வருஷமா அந்த ஆளோட பழகுனது நானு. நானே சொன்னதா இருந்துட்டுப் போகட்டும் லா."

காலையிலும் சாயங்காலமும்

கிரேஸ் டீச்சர் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தவர். ஞாயிறு காலை தமிழ் ஆராதனைக்கு ஒரு சபைக்குப் போவார், சாயங்காலம் ஆங்கில ஆராதனைக்கு இன்னொரு சபைக்குப் போவார். அப்போது நம் ஆட்கள் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. காலையில் பக்தி, சாயங்காலம் ஆங்கிலம், இரண்டும் கெடாது.

நான் சேர்ந்த மறு வருஷம் ஒரு திங்கட்கிழமை, பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்தார். குடையைக் கவுண்டர் மேல் வைத்தார். முந்தின நாள் இரண்டு சபையிலும் இரண்டு போதகர்கள் ஒரே வாக்கியத்தை, ஏதோ தாங்களே பழைய ஏடுகளைப் புரட்டிக் கண்டுபிடித்தது போலச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேருமே சனிக்கிழமை என் முன்னால் நின்று எழுதிக்கொண்டு போனவர்கள். ஒருவருக்கு நானே தமிழாக்கிக் கொடுத்தேன். டீச்சர் கத்தவில்லை, பள்ளிக்கூடத்துக் குரலில் கேட்டார்: "காலையில தமிழ்ல கேட்டேன், சாயங்காலம் இங்கிலீஷ்ல கேட்டேன். அடுத்த வாரம் மலாய்லயும் ஏற்பாடு பண்ணியிருக்கீங்களா?"

புள்ளி

அன்றைக்கே ஒரு வழி செய்தேன். யார் எந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டு போகிறார்களோ, அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, ஆள் பெயரின் முதல் எழுத்து, மாதம், வருஷம். அடுத்தவர் அதையே எடுத்தால், "இதுல புள்ளி இருக்குங்க, வேற பாருங்க" என்று சொல்லிவிடுவேன். வேலை சுத்தமாக நடந்தது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது. தீவில் எந்தச் சபையில் நாளைக்கு என்ன பிரசங்கம் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும் என்றால் சும்மாவா?

மோசே போதகருக்கு மட்டும் இந்த முறை ஒத்துவரவில்லை. புள்ளி விழுந்த வாக்கியமாகப் பார்த்துத்தான் அவருக்குப் பிடிக்கும். ஒரு நாள் 'பேராசை' தலைப்பில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார். போன மாதம்தான் பக்கத்துச் சபையில் சொன்னார்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "சொன்னாங்க, சரி. கேட்டு யாராவது திருந்தினாங்களா? இல்லேல்ல? அப்ப அது இன்னும் புதுசுதான்."

ஞானமுத்து அண்ணன்

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். புள்ளி வைக்கத் தொடங்கிய அதே மாதம் ஞானமுத்து என்று ஒருவர் கடைக்கு வரத் தொடங்கினார். நாற்பது வயதுக்காரர். செம்பவாங்கில் கடற்படைத் தளத்து ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடையின் மாடியில் சின்னச் சபைக்கு உபதேசியார். முப்பது பேர் வருவார்கள். துறைமுகக் கூலிகள், சமையற்காரர்கள், ஆயாக்கள். சம்பளம் கிடையாது. என்றைக்காவது தன்னை முழுநேர உபதேசியாராக வைத்துக்கொள்வார்கள், ஸ்டோர் வேலையை விட்டுவிட்டு அந்த முப்பது பேரோடேயே இருக்கலாம் என்பது அவருடைய ஆசை. அதை மறைக்காமல் சொல்வார்.

கடையில் அதிக நேரம் நிற்கிறவர் அவர்தான். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போவார், புரியாததற்கு என்னைக் கேட்பார், நான் சொல்லச் சொல்லத் தலையாட்டுவார். முக்கால் மணி நேரம் என் உயிரை வாங்கிவிட்டுப் பெரும்பாலும் ஒன்றும் எடுக்காமல் புத்தகத்தை மூடிவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். அவர் சொல்வார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எங்க ஆளுங்க ஆறு நாளு மூட்டை தூக்கிட்டு வர்றாங்க. இதையும் சேர்த்து எப்படித் தூக்குவாங்க?"

புள்ளி இல்லாத இடம்

ஆறு வருஷம் கழித்து அவருக்கு நேரம் வந்தது. மூன்று பேர் கொண்ட கமிட்டி ஒன்று அவருடைய சபைக்கு வந்து பிரசங்கம் கேட்கும். திருப்தியானால் முழுநேர உபதேசியார், இல்லாவிட்டால் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வேறு ஆள் வரவழைப்பார்கள். கமிட்டிக்குத் தலைவர் ஆபிரகாம் ஐயா, பெரிய சபையின் மூத்த போதகர். மற்ற இருவரும் நம் சனிக்கிழமை வரிசைக்காரர்கள். அதில் ஒருவர் மோசே போதகர்.

அந்தச் சனிக்கிழமை ஞானமுத்து அண்ணன் ஒன்றும் வேண்டாம் என்றுதான் கிளம்பினார். நான் விடவில்லை. பெரியவர்கள் வருகிறார்கள், எடுப்பாக ஒன்று இருக்கட்டும் என்று 'மன்னிப்பு' தலைப்பில் கப்பலோட்டி ஒருவனைப் பற்றிய வாக்கியத்தை நானே தேடி எடுத்தேன். ஓரத்தில் புள்ளி இல்லை, யாரும் தொடாதது என்று உறுதி சொன்னேன். தமிழாக்கி, மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் வேலைக்குப் போகாமல் கடைக்கு வந்தார். கவுண்டர் பக்கம் வராமல் வாசலிலேயே நின்றார். அந்த வாக்கியத்தை ஆபிரகாம் ஐயா அதற்கு முந்தின ஞாயிறுதான் தன் சபையில் சொல்லியிருக்கிறார். தன்னுடைய பிரசங்கத்தைத் திருடித் தன் முன்னாலேயே பேசுகிறவரை எப்படி நம்பிச் சபையைக் கொடுப்பது என்று கேட்டுவிட்டாராம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடி முடிவு சொல்லும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆபிரகாம் ஐயா எங்கள் கடையில் நின்று படிக்கிறவர் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன் அதே புத்தகத்தை விலை கொடுத்து வாங்கிப் போனவர். நானேதான் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். கவுண்டர் புத்தகத்துக்குப் புள்ளி வைத்தேனே தவிர, நான் விற்ற புத்தகங்களை மறந்துபோனேன். அண்ணன் என்னைத் திட்டவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் எடுத்துக் கொடுத்தீங்க. நான்தான் எனக்குப் பொருந்தாத சட்டையைப் போட்டுக்கிட்டுப் போயிட்டேன்" என்றார்.

முதலாளி சொன்னது

அவர் திருடவில்லை என்று காட்ட என்னிடம் இருந்தது அந்தப் புத்தகம் ஒன்றுதான். எந்த வாக்கியத்தை, எந்த மாதம் இங்கிருந்து எடுத்தார் என்பதெல்லாம் அதில் தெளிவு. ஆனால் அதைத் திறந்தால் அவருடைய புள்ளி மட்டுமா தெரியும்? கமிட்டிக்காரர்கள் இருவர் உட்பட, ஊரிலிருந்த அத்தனை பிரசங்கிகளும் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்தில் இருந்தது. ரப்பரை எடுத்து மற்றவர்களுடையதை அழித்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அழித்த தடமே காட்டிக் கொடுத்துவிடும்.

புதன்கிழமை முதலாளியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் கடை வைத்திருப்பவர். மில் சத்தம் ஓய்கிறவரை தும்மிக்கொண்டிருந்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ காட்டினா நாளையிலேருந்து ஒரு போதகர் இந்தப் படி ஏற மாட்டார். காட்டலைன்னா ஒரு நல்ல மனுஷன் ஸ்டோர்லயே கிடப்பான். வியாழக்கிழமை மத்தியானம் நான் சாப்பிடப் போறேன். புத்தகம் கவுண்டர்ல இருக்கா இல்லையான்னு நான் பார்க்கப் போறதில்லை."

ஆபிரகாம் ஐயா வீட்டில்

தமிழ்ப் பேப்பரில் புத்தகத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தபோது, யாரோ ஒருவருடைய பிள்ளையை அவருக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு போவது போல வியர்த்தது. ஐயா பிரித்துப் பார்த்து, "இது என்கிட்டயும் இருக்கே" என்றார். "நான்தான் வித்தேன் ஐயா" என்று தொடங்கி, கப்பலோட்டி வாக்கியத்தை எடுத்தது நான், புள்ளி இல்லை என்று சொன்னது நான், ஞானமுத்து அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைத் திருப்பினார். ஒவ்வொரு பக்கமும் புள்ளி. 'மோ' என்கிற எழுத்து அம்மை போட்டது போல எங்கும் இருந்தது. "எழுத்துக்கு ஆள் யாருன்னு மட்டும் கேக்காதீங்க ஐயா, சொல்ல மாட்டேன். 'ஞா' ஒண்ணுதான் சொல்லுவேன், அது ஞானமுத்து அண்ணன்" என்றேன். அவர் கேட்கவில்லை. வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனதைப் பார்த்தால், கேட்க வேண்டிய அவசியமும் இல்லை என்று தெரிந்தது. 'ஞா' எங்கெங்கே என்று காட்டச் சொன்னார். தமிழாக்கியவன் நான் என்பதால் ஒவ்வொன்றும் எனக்கு இடம் தெரியும். காட்டினேன். கப்பலோட்டியோடு சேர்த்துப் பதினொன்று. அவர் விரல் விட்டு மறுபடியும் எண்ணிப் பார்த்தார். கோப்பி ஆறிப் போயிருந்தது. பிறகு என்னைக் கேட்டார்: "ஆறு வருஷத்துல பதினொண்ணுதானா? அப்ப மத்த ஞாயித்துக்கிழமையெல்லாம் அந்த மனுஷன் என்னதான் பேசினாரு?"

பன்னிரண்டு

ஒரு தடவைகூட நான் ஞானமுத்து அண்ணனுடைய சபைக்குப் போய்க் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் நேரே ஜாலான் புசார் போய், ஞானமுத்து அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். பதினொன்று என்று கேட்டதும் ஐயா மலைத்துப் போனார், கவலையை விடுங்கள் என்றேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது. "பதினொண்ணா?" என்று ஒரு முறை கேட்டார். நான் செய்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வருத்தத்தோடு வீடு திரும்பினேன்.

சனிக்கிழமை வழக்கமான கூட்டம். ஆபிரகாம் ஐயா கமிட்டியில் புள்ளியைப் பற்றி மூச்சுவிடவில்லை என்று தெரிந்தது. தன் வீட்டுப் பிரதியைக் கொண்டுபோய் மேசை மேல் வைத்து, இது உங்களுக்கும் தெரிந்த புத்தகம்தானே என்று மட்டும் கேட்டாராம். மற்ற இருவரும் உடனே ஞானமுத்துவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். மோசே போதகர் அன்று என்னைப் பார்க்காமல், 'தாழ்மை' எந்தப் பக்கம் என்று கேட்டார்.

எல்லோரும் போன பிறகு ஞானமுத்து அண்ணன் வந்தார். ஸ்டோர் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாராம். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அவர் பென்சிலைக் கேட்டு வாங்கினார். 'தனிமை' என்ற தலைப்பைத் தேடிப் பிடித்து, ஒரு வாக்கியத்தின் ஓரத்தில் தானே புள்ளி வைத்து, தன் எழுத்தையும் போட்டார். பிறகு சொன்னார்: "பதினொண்ணு இல்ல தம்பி, பன்னிரண்டு. நீங்க அம்மை போட்டு லீவுல இருந்தப்ப முதலாளி எடுத்துக் கொடுத்தது இது. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடறதுக்கு முன்னாலேயே ஐயா வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன். இல்லேன்னா அந்த வேலையில என்னால உட்கார முடியாது."

மற்றவர் சொன்னதை எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிற என் இனத்தாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: புத்தகத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள், பென்சிலை மட்டும் கையில் எடுக்காதீர்கள், அப்படியே எடுத்தாலும் கணக்கு சரி என்று சத்தியம் செய்யாதீர்கள்.